பாய் கேட்டாள் என்றார்கள்

“கோடிவூட்டுக்காரி மாமியா கதை கெடக்குது வுடும்மா. அதை ஆரம்பிச்சா பொழுது சாஞ்சிடும். நீ இன்னா கேட்ட? இவ்ளோ நல்ல பாயை வெயில்ல போட்டு, மேல வேட்டி விரிச்சிக் கூழ்வத்தல் புழிஞ்சி வெச்சிருக்கேனே, ஏன்னுதானே? உக்காரு. அது ஸ்கூல் பாய். என் பேத்தி கேட்டுச்சாம். அப்பிடித்தான் சொன்னாங்க. அங்க பாரு, பாய்னு சொன்ன ஒடனே எப்பிடி மொறைக்கிறா பாரு!”

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணிடம் நான் இப்படித்தான் ஆரம்பித்தேன். ஆரணிப் பக்கத்துப் பெண். இரவல் வாங்கிய இடிகல்லைத் திருப்பித் தர வந்தவளை வாசற்படியில் உட்கார வைத்துவிட்டேன். என் பேத்தி அவளுடைய சக்கர நாற்காலியில், மடியில் எழுத்து அட்டையோடு, எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, “பாப்பாவுக்கு நாம பேசறது புரியுமா ஆயா?” என்றாள்.

“ஏன் மெதுவாக் கேக்கற? நல்லா சத்தமாக் கேளு. உன்னைப் பத்தி அவளும் அதேதான் யோசிச்சிக்கினு இருக்கா.”

பேத்தி சிரித்தாள். அவளுக்குப் பேச்சு வரவில்லையே தவிர சிரிப்பு தெருமுனைவரை கேட்கும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டாலே கேட்காது. அதையும் தாண்டிக் கேட்கும் இவள் சிரிப்பு. பிறந்தபோது அழவில்லை. கை இந்தப் பக்கம் போ என்றால் அந்தப் பக்கம் போகும். கழுத்து நிற்கவே நாளாயிற்று. என் மகள் வயிற்றுப் பிள்ளை. மகள் பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலைக்குப் போகிறாள். மருமகன் பக்கத்துத் தெருவில் முதலாளி தறியில் உட்காருகிறார். பகலெல்லாம் நானும் இவளும்தான்.

அந்தப் பெண் கேட்டதில் தப்பில்லை. எல்லாரும் கேட்பதுதான். கோயிலுக்குத் தூக்கிப் போனால் பூக்காரி கேட்பாள், ரேஷன் கடையில் நின்றால் முன்னால் நிற்பவள் கேட்பாள். இவள் தலைக்கு மேலேயே கேட்பார்கள், இவள் இல்லாத மாதிரி. நானும் அது புரியும், இது புரியும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவள்தான். ஒரு நாள் பஸ்ஸில் நடந்த கூத்துக்குப் பிறகு பட்டியல் போடுவதை விட்டேன்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. செவிலிமேட்டுப் பக்கம் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். காலையில் இடுப்பில் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவேன். எனக்குப் படிக்கத் தெரியாது. எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்பது தெரியும், அதை வைத்து ஏறுவேன். அன்றைக்கு ஏதோ திருவிழா, வண்டிகளை இடம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள். நான் வழக்கமான இடத்தில் நின்ற வண்டியில் ஏறி, ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தேன். இவள் அலற ஆரம்பித்தாள். சாதாரண அலறல் இல்லை. முதுகை வில்லாய் வளைத்து, தலையால் என் தாடையில் முட்டி, கையைக் கதவுப் பக்கம் வீசி வீசி அடித்தாள்.

“இன்னா ஆயா, வலிப்பா?” என்றார் பின் சீட்டுக்காரர்.

“பிடிவாதம். செல்லம் குடுத்து வளத்தா இப்பிடித்தான்,” என்றாள் கூடை வைத்திருந்த ஒருத்தி.

“கூடைக்காரம்மா, உன் கூடையப் பாத்துக்கோ,” என்றேன். அதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார்.

“எங்க ஆயா? தாமலா?”

“தாமலுக்கு எதுக்குப்பா போறேன்? செவிலிமேடு ஒண்ணு குடு.”

“இது தாமல் வண்டி. போர்டு பாத்து ஏறக் கூடாதா?”

“பாக்கத் தெரிஞ்சா பாக்க மாட்டனா?”

விசில் அடித்து இறக்கிவிட்டார். கீழே கால் வைத்ததுமே இவள் அடங்கிப்போனாள். வியர்த்த முகத்தோடு என் தோளில் தலையைச் சாய்த்து, ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், எழுபது வயசுக் கிழவி மாதிரி.

ராத்திரி மகளிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று கூடவே வந்தாள். ஒவ்வொரு வண்டி முன்னாலும் குழந்தையைத் தூக்கிக் காட்டி, “இதுல ஏறலாமா?” என்று கேட்டாள். ஒன்றுக்கும் அசையவில்லை. செவிலிமேடு வண்டி முன்னால் நின்றதும் கலகலவென்று சிரித்தாள். மகள் அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள்.

“அம்மா, இவ படிக்கிறாம்மா.”

“பஸ்ஸ அடையாளம் தெரியுது. அதுக்கு ஏன் அழுவுற?”

“பஸ்ஸ இல்லம்மா, எழுத்த. செவிலிமேடுன்னு எழுதினா மொதல்ல கொம்புதான் வரும். அதை வெச்சிப் புடிச்சிருக்கா. நேத்து வண்டியில கொம்பு இல்ல.”

“பஸ்ஸுக்கு எதுக்குடி கொம்பு? மாடா அது?”

பிறகுதான் விளக்கினாள். ‘ச’ என்று ஒரு எழுத்து. அதற்கு முன்னால் சுழித்த கொம்பு ஒன்று வந்து நின்றால் ‘செ’ ஆகிவிடுமாம். வாயில் பின்னால் வருகிற சத்தம், எழுதும்போது முன்னால் போய் நிற்குமாம். எனக்கு அது அன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் கண்ணால் பார்க்கிற பிள்ளைக்கு, சத்தமே போடாத பிள்ளைக்கு, முன்னால் நிற்பது முதலில் என்பது விளங்கியிருந்தது.

அந்த வாரமே கடையிலிருந்து கல்யாணப் புடவை வைக்கிற பெரிய அட்டைப்பெட்டியின் மூடியைக் கொண்டுவந்தாள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தாமே, ஒரு மூடியில் எங்கே அடங்கும்? அதனால் முதல் எழுத்துகளை மட்டும் பெரிதாய் வெட்டி ஒட்டி, கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாவற்றையும் ஓரத்தில் தனித்தனியாய் ஒட்டினாள். இவள் விரலை மடக்கித் தொடுவாள். நாம் எழுதுகிற வரிசையிலேயே தொடுவாள், கொம்பு இருந்தால் முதலில் கொம்பு. தாயும் பிள்ளையும் ராத்திரி சாப்பாடு ஆறிப்போக உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நாளில் ‘ஆயா’ என்று தொட்டாளாம். எனக்கு முன்னால்தான் தொட்டாள். எனக்குத்தான் தெரியவில்லை. மகள் சொன்னதும் அந்த மூடியை எடுத்து முத்தம் கொடுத்தேன், பசை வாசனையோடு.

இதைக் கேட்ட எதிர்வீட்டுப் பெண், “அப்போ ஸ்கூல்ல ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்களே?” என்றாள்.

“பட்டாங்க, பட்டாங்க. மாலை போடாத கொறைதான்.”

பள்ளிக்கூடத்தில் இவளுக்கென்று ஒரு படத்தாள் வைத்திருந்தார்கள். சோறு, தண்ணீர், கழிவறை, வலி, நன்றி. ஐந்து படம். பசித்தால் சொல்லலாம், வந்தால் சொல்லலாம், நோவு என்றால் சொல்லலாம், எதையாவது வாங்கிக்கொண்டால் கும்பிடலாம். வேண்டாம் என்பதற்கு ஒரு படம் இல்லை. ஏன் என்று கேட்க ஒரு படம் இல்லை. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் என்ன செய்வாள்? அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்து, எழுத்து சொல்லிக் கொடுங்கள் என்று மகள் கேட்டாள். வகுப்பு மிஸ் நல்ல மாதிரிதான், சின்னப் பெண். “மொதல்ல படம் எல்லாம் சரியாக் காட்டட்டும் ஆயா. எழுத்து அப்புறம் பாக்கலாம்,” என்றாள் என்னிடம். தண்ணீர் வேண்டாதபோது தண்ணீர் படத்தைக் காட்டு என்றால் யார்தான் காட்டுவார்கள்? இவள் காட்டவில்லை. அது ஒரு குறையாகிவிட்டது.

இப்படியே இரண்டு வகுப்பு ஓடியது. மற்றப் பிள்ளைகள் பாடப்புத்தகம் படிக்கிற நேரத்தில் இவள் கையில் ஒரு ரப்பர் பந்து.

அப்புறம் ஆண்டு விழா வந்தது. யாரோ பெரிய மனிதர் பள்ளிக்கூடத்துக்கு சிலேட்டு மாதிரி ஒரு டேப் வாங்கிக் கொடுத்திருந்தார். அமுக்கினால் பேசும். அதில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் குரலைப் பிடித்து வைத்திருந்தார்கள். மேடையில் இவளை நாற்காலியோடு ஏற்றி, பட்டுப் பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மைக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். மிஸ் இவள் கையைப் பிடித்து அமுக்கினாள். டேப் பேசியது: “நான் இப்போது நன்றாகத் தமிழ் படிக்கிறேன். என் ஆசிரியர்களுக்கு நன்றி.”

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பெரிய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், பொய் சொல்லக் கூடாது. என் பேத்திக்குக் குரல் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மகளுக்குக் கடையில் முகூர்த்தக் கூட்டம், வர முடியவில்லை. பக்கத்திலிருந்தவளிடம் “என் பேத்திதான், என் பேத்திதான்” என்று இடித்து இடித்துச் சொன்னேன். மேடையில் இவள் மட்டும் சிரிக்கவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் கூட்டி வரப் போனால், மிஸ் வாசலுக்கே ஓடி வந்தாள்.

“ஆயா! பாப்பா இன்னிக்கி அட்டையில பேசிட்டா! நேத்து டேப்ல எவ்ளோ அழகாப் பேசினன்னு கேட்டேன். ப, கால், ய, புள்ளி. பாய்! தூக்கம் வருது, பாய் போடுங்கன்னு கேட்டிருக்கா!”

“என் தங்கமே!” என்று அங்கேயே திருஷ்டி சுற்றி நெற்றியில் நெட்டி முறித்தேன். பக்கத்துக் கடையில் காராபூந்தி வாங்கி வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் வார்த்தை பாய். தலைமையாசிரியை, அந்தப் பெரிய மிஸ்ஸும் சும்மா இல்லை, புத்தம்புதுக் கோரைப்பாய் ஒன்று வாங்கி வகுப்பின் பின்பக்கம் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு தமிழ்ப் பாடம் ஆரம்பித்ததும் இவளை நாற்காலியிலிருந்து இறக்கிப் பாயில் கிடத்திவிடுவார்கள். எழுந்ததும் அட்டையைக் கொடுத்தால் திரும்பவும் அதே வார்த்தை. திரும்பவும் கிடத்துவார்கள். “எவ்ளோ தூங்கினாலும் பாய், பாய்ங்கறா,” என்று மிஸ் சிரித்தாள். ஒரு நாள் நான் சீக்கிரம் போய்விட்டேன். மற்றப் பிள்ளைகள் ராகம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். இவள் பாயில் மல்லாந்து கிடந்தாள். தூங்கவில்லை. கண்ணை அகலத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்து காதில் இறங்கியிருந்தது. கொசு கடித்திருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாம்மா சொன்னாள்.

எதிர்வீட்டுப் பெண் இடிகல்லைக் கீழே வைத்தாள். “கொம்பு?” என்றாள்.

“உனக்கு டக்குன்னு பிடிபட்டுச்சு பாத்தியா. அதைத்தான் சொல்ல வரேன்.”

முகூர்த்தக் கூட்டம் ஓயும்வரை மகள் வீடு வருவதற்குள் இவள் தூங்கிவிடுவாள். அது ஓய்ந்து மகளுக்கு லீவு கிடைத்த முதல் நாள். இவளைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டே, “நீ நல்லாப் படிக்கிறேன்னு மைக்ல சொன்னியாமே. ஆயா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுது,” என்றாள். இவள் அட்டைக்குக் கையை நீட்டினாள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “பாய் கேக்கப் போறா பாரு, எடுத்துப் போடு,” என்றேன்.

இவள் தொட்டு முடித்ததும் மகள் துண்டைக் கீழே போட்டாள்.

“அம்மா, இவ பாய் கேக்கல.”

“பின்ன?”

“மொதல்ல கொம்பத் தொட்டா. கொம்பு, ப, கால், ய, புள்ளி. பொய்ங்கறா, அம்மா. பொய்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. ஒரு கொம்பு போனால் பொய் எப்படிப் பாய் ஆகும்? மகள் கோலமாவை எடுத்துத் தரையில் எழுதிக் காட்டினாள். கொம்பைக் கையால் மறைத்தாள், பாய். எடுத்தாள், பொய். பள்ளிக்கூடத்தில் இவள் கை முதலில் எங்கே பட்டாலும் அது கை ஆடுவது என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள். ‘ப’ வந்த பிறகுதான் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். மேடையில் டேப் சொன்னது பொய் என்று பிள்ளை மறுநாளே சொல்லிவிட்டாள். பொய், பொய் என்று அவள் சொல்லச் சொல்ல, இவர்கள் படுக்கப் போட்டிருக்கிறார்கள். நான் அதற்குக் காராபூந்தி கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். பெரிய மிஸ் அறையில் மின்விசிறி, அவருக்குப் பின்னால் ஆண்டு விழா போட்டோ, அதில் இவளும் பெரிய மனிதரும். மகள் பணிவாகத்தான் சொன்னாள். பெரிய மிஸ் கடைசிவரை கேட்டுவிட்டு, “இருங்க, நாமளே கேப்போம்,” என்றார். இவள் தொட்டாள். கொம்பு, ப, கால், ய, புள்ளி. நான்கூடப் பார்த்தேன்.

“பாருங்க, பாய்தான்.”

“மேடம், கொம்பு—”

“அது கைநடுக்கம்மா. தனிக் கொம்புன்னு தமிழ்ல எழுத்து கெடையாது. ‘ப’வுக்கு அப்புறம் தொட்டிருந்தா ஒத்துக்கலாம்.”

சின்ன மிஸ் கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. வாய் இருக்கிறவர்கள் அப்படித்தான். திறக்காமலிருக்கவும் அவர்களால் முடியும். அந்தப் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அது பொய்தான் என்று யார் சொல்வார்கள்?

இவள் மறுபடி அட்டைக்குக் குனிந்தாள். ரொம்ப நேரம் எடுத்தது. வியர்த்துவிட்டது. ப, கால், ய, புள்ளி. இ. ல, புள்ளி. ல. மகள் பிறகு சொன்னாள், கொம்பு போட்டால் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்து, கொம்பே இல்லாத வார்த்தையாய்த் தேடியிருக்கிறாள் பிள்ளை. ‘பாய் இல்ல.’ பாய் என்று நான் சொல்லவில்லை, அதைத்தான் சொன்னாள்.

பெரிய மிஸ் சத்தமாய்ப் படித்தார். “பாய் இல்ல.” அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி, “ஏன், பாய் எங்க போச்சு? பாய் இல்லைங்கறா பாரு. கொண்டாந்து போடச் சொல்லு,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆத்திரத்தில் வருகிற சிரிப்பு, நிற்கவே இல்லை. எழுந்து போய், வகுப்பில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினேன். ஆயாம்மா பின்னாலேயே வந்தாள்.

“ஆயா, அது ஸ்கூல் பாய்.”

“என் பேத்தி கேட்டுத்தானே வாங்கினீங்க? அப்போ அவளுதுதான். எடுத்துக்கினு போறேன்.”

அப்படி வந்த பாய்தான் இது. பிள்ளையை அனுப்பலாம், ஆனால் எழுத்து சொல்லித் தர ஆள் இல்லை, பந்தும் படமும்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் அனுப்பவில்லை. வேறு இடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, “புரியுமா?”

இப்போது பகலெல்லாம் இவள் அட்டையில் பேசுகிறாள். அதுதான் எனக்கு நெஞ்சைப் பிடுங்குகிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டேன் என்றார்கள். வீட்டில் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கேட்கத் தெரியவில்லை. கொம்பு தெரியும், கால் தெரியும். ‘ஆயா’ தெரியும், அதை எத்தனை தடவை தொட்டாலும் ‘இன்னாடி என் ராசாத்தி’ என்று போய் நிற்பேன். நான் வந்து நின்ற பிறகு அவள் என்ன சொல்கிறாள் என்பதற்கு ராத்திரி மகள் வர வேண்டும். அதற்குள் இவளுக்கு அலுத்துப் போயிருக்கும். மத்தியானம் சொன்னதை ராத்திரி யார் திரும்பச் சொல்வார்கள்?

“நீ எவ்ளோ படிச்சிருக்கம்மா?” என்று கேட்டேன் எதிர்வீட்டுப் பெண்ணை.

“பன்னெண்டாவது, ஆயா.”

“மத்தியானத்துல ஒரு வாட்டி இப்பிடி வந்துட்டுப் போயேன். ஒண்ணும் செய்ய வாணாம். அவ கை போற எடத்தைப் பாத்துச் சொன்னாப் போதும். மொதல்ல தொடறதையும் சேத்துப் படிக்கணும், அவ்ளோதான்.”

அவள் நாற்காலிப் பக்கம் குனிந்து இவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதை சொன்ன நேரமெல்லாம் இவள் அட்டையைத் தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். கதையில் தன்னைப் பற்றி வருகிறதே என்று குஷியில் தட்டுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

“ஆயா, ம தொடறா. அப்புறம் இது, ஓரத்துல ரெட்டைச் சுழி. அப்புறம் ழ. திரும்பியும் ம, சுழி, ழ…” அவள் உதட்டுக்குள் கூட்டிப் பார்த்து நிமிர்ந்தாள். “மழை! மழைங்கறா ஆயா!”

என் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. வத்தலின் மேல் ஏற்கெனவே புள்ளி புள்ளியாய் ஈரம்.

“ஐயோ, எப்போலேர்ந்து சொல்லிக்கினு இருக்காளோ! ஏன்டி, கத்தியிருக்கக் கூடாதா? யம்மா, அந்த முனையைப் புடி. வேட்டியோட சேத்துத் தூக்கு, சிந்திடப் போவுது… உள்ள, உள்ள, தறிக்குழி ஓரமா… நாற்காலியைத் தள்ளிக்கினு வந்துடறேன், நீ பாயைப் புடி…”